தேங்காய்க்கு முந்தி வந்த சத்தம்

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்ததும், உட்காருவதற்கு முன்பே தண்ணீர் கேட்பார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெரும்பாக்கத்தில் இருக்கிறார், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முடிச்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் அந்த ஆட்டோவிலேயே வருவார். அம்மா எவர்சில்வர் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுப்பாள். பாதி குடித்ததும் சொம்பை இறக்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார்:

"திருட்டுக் கொடம்னாலும் தண்ணி ஜில்லுன்னுதான் கீது."

அப்பா வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் பதில் வந்துவிடும்.

"மூச்சு உடாம பாடி ஜெயிச்ச கொடம் மச்சான். உனக்கு ஜில்லுன்னு கீதா, எரியுதா?"

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் தொடங்கும்.

அந்தக் குடம் கபடியில் கிடைத்த பரிசு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமான அடுத்த வருடம், பொங்கலை ஒட்டி ஊர் மைதானத்தில் ஒரு போட்டி நடந்தது. கடைசி ஆட்டத்தில் அப்பா ஒரு பக்கம், மாமா எதிர்ப் பக்கம். ஜெயிக்கிற அணியில் ஆளுக்கொரு குடம். இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது அப்பா பாடிப் போனார். 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே எதிராளியின் கட்டத்துக்குள் போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பாட்டு நிற்பதற்குள் திரும்பிவிட வேண்டும். யாராவது பிடித்துக்கொண்டாலும், பாட்டு இருக்கும்போதே நடுக்கோட்டில் ஒரு விரல் பட்டுவிட்டால் போதும், பிடித்தவர்கள் எல்லாரும் அவுட். அன்றைக்கு அப்பாவின் கணுக்காலைப் பிடித்தவர் மாமா. அவருக்கு மேல் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். அப்பா மண்ணில் மார்பைத் தேய்த்துக்கொண்டு ஊர்ந்து கையை நீட்டினார். நடுவர் விசில் ஊதி அப்பாவின் பக்கம் கையைக் காட்டினார்.

கை கோட்டில் பட்டதை மாமாவும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதற்கு முன்பே மூச்சு விட்டாயிற்று என்பது அவர் கட்சி. "காலு என் கையில கீது. மூச்சு உட்டா ஒடம்பு தளரும்ல? தளந்துச்சு. எனக்குத் தெரியாதா?" என்பார். கை பட்ட பிறகும் பாட்டு இருந்தது என்பது அப்பாவின் கட்சி. அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் நழுவிவிடுவாள்.

"எனக்கு அப்போ ஆறாம் மாசம். பாவம்னு ஒரு நாற்காலி போட்டாங்க, உக்காந்துகினு இருந்தேன். யாரு எங்க உளுந்தாங்கன்னு நான் எங்க பாத்தேன்? எனக்குத் தம்பியும் வேணும், புருஷனும் வேணும். ஆள உடுங்க."

அந்த ஆறாம் மாதம் நான்தான்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வெறும் வாய்ச்சண்டை. எனக்கு அப்படி இல்லை. அப்பா பெயின்டர். சாரத்தில் தொங்கிக்கொண்டு அடுக்குமாடிகளுக்கு வண்ணம் அடித்தவர். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருக்கிறார், படிக்கப் போனதில்லை. அம்மாவும் அப்படித்தான், பதினாலு வயதிலிருந்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். அப்பா ஒரு கூட்டத்துக்கு நடுவே நின்று ஜெயித்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். அதைத் திருட்டு என்று மாமா சிரித்துக்கொண்டு சொல்லும்போது அப்பாவும் சிரித்துக்கொண்டுதான் பதில் சொல்வார். ஆனால் மாமா போன பிறகு சில சமயம் என்னிடம் வந்து, "கை பட்டப்புறம்தான்மா மூச்சு உட்டேன்" என்பார், நான் கேட்காமலே.

இதற்கு வீட்டிலேயே ஒரு சாட்சி இருந்தது, சாமி மாடத்தில். போட்டியை ஒரு கல்யாண வீடியோக்காரரைக் கூட்டிவந்து எடுத்திருந்தார்கள். அப்பா அவர் வீட்டுக்கு வெள்ளை அடித்துக் கொடுத்துவிட்டு, கூலிக்குப் பதிலாக ஒரு கேசட் வாங்கி வந்தார். எழுதத் தெரியாததால், கேசட்டின் மேல் ஒட்டிய தாளில் ஒரு கோடு போட்டு, அதன் மேல் ஐந்து விரல்களோடு ஒரு கையை வரைந்து வைத்தார். எனக்கு எழுத வந்ததும் அந்தக் கைக்குக் கீழே 'அப்பா கபடி' என்று நான் எழுதினேன். எங்கள் வீட்டில் ஒரு பொருளின் மேல் வீட்டு ஆளே எழுதியது அதுதான் முதல். அந்தப் பெருமை எனக்கு இன்னும் போகவில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை.

கேசட் வந்த புதிதில் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து இரண்டு தடவை போட்டார்களாம். இரண்டு தடவையும் தெருவே வந்து உட்கார்ந்துகொண்டு, அந்த இடம் வரும்போது எல்லாரும் சேர்ந்து கத்தியதில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் திரையில் கோடு கோடாக ஓடியது. அதற்குள் வாடகைக் கடையையே மூடிவிட்டார்கள். கேசட் சாமி மாடத்துக்குப் போனது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அப்பாவின் பிரஷ்கள், அம்மாவின் கத்தரிக்கோல், என் புத்தகங்கள், இவற்றோடு கேசட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். வைக்கிற வேலை என்னுடையது. ஒரு பக்கத்துக்கு மூன்று பொட்டு என்று தாராளமாகவே வைத்திருக்கிறேன்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு ஒருநாள் மாடத்தைத் துடைக்கும்போது, கேசட்டின் கண்ணாடி ஜன்னலுக்குள் வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. சந்தனம் இல்லை, பூஞ்சை. இப்படியே விட்டால் நாடா உள்ளேயே ஒட்டிப்போகும், கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடலாம் என்றேன்.

"மாத்துனா இப்ப போன்ல பாக்குற மாதிரி பாக்கலாமா? நிறுத்தி, சத்தத்தோட?" என்றார் அப்பா.

"எத்தனை தடவை வேணும்னாலும் பாக்கலாம்ப்பா."

அப்பா மாமாவுக்குப் போன் போட்டார். "மச்சான், ஒன் கதை முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

குரோம்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் இந்த வேலையைச் செய்து கொடுக்கிறார்கள். ஆனால் கேசட் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றார் அப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் அணியில் ஆடிய ஒருவர் வாங்கிப் போய், அந்த ஆளின் பெண்ணுக்குக் காதுகுத்து முடிந்த பிறகுதான் திரும்பி வந்ததாம். ஆக, கருவியை நாங்களே வாங்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ரேஷன் கார்டிலிருந்து கரன்ட் பில் வரைக்கும் எங்கள் வீட்டில் நான் படித்துச் சொன்னால் அதுதான் சட்டம். போதாததற்கு எனக்கு சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர்கள் செய்ததில் என்ன தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

இரண்டு நாள் ரயிலில் போகும்போதும் வரும்போதும் வாங்கியவர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய மின்சாதனங்கள் விற்கிற கடை இருக்கிறது. சனிக்கிழமை அங்கே போனேன். ஓடுகிற நிலையில் ஒரு டெக் இருந்தது. கடைக்காரர் அதன் முதுகைத் திருப்பிக் காட்டினார்.

"மஞ்ச பின்னு படம். வெள்ளையும் சிவப்பும் சத்தம். இதுலேர்ந்து கம்ப்யூட்டருக்குப் போக நடுவுல ஒண்ணு வேணும். ரெண்டு வகை வெச்சிருக்கேன்."

ஒன்று கட்டைவிரல் அளவு, பென் டிரைவ் மாதிரி. இன்னொன்று டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

"எவ்ளோ நேரம் கேசட்டும்மா?"

"ஒன்றரை மணி நேரம் இருக்கும்."

"அப்போ பெட்டிய எடு. சின்னது ஒரு பாட்டு, ரெண்டு பாட்டுக்குத் தாங்கும். நேரம் போகப் போகப் படம் ஒரு பக்கம் போகும், சத்தம் ஒரு பக்கம் போகும்."

விலை அதிகமானதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் படித்துவிட்டு வந்தவள் இல்லையா. போனை எடுத்துக் காட்டினேன். "சின்னதுக்கு நாலரை நட்சத்திரம் போட்டிருக்காங்க, பாருங்க."

அவர் போனைப் பார்க்கவே இல்லை. "நட்சத்திரம் போட்டவங்க எத்தினி பேரு கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தாங்கன்னு போட்டிருக்காம்மா?" என்றார்.

இந்த மாதிரிப் பேச்செல்லாம் என்னிடம் நடக்காது என்று முகத்தை வைத்துக்கொண்டு, டெக்கையும் சின்னதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை முழுக்கக் கேசட்டைச் சுத்தம் செய்தோம். இருபத்து சொச்சம் வருடத்துச் சந்தனம் மூடியின் ஓரத்தில் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. அப்பா சுவரில் பட்டி சுரண்டுகிற பழக்கத்தில், சின்னத் தகடு ஒன்றை வைத்து ஒரு பொடிகூட உள்ளே விழாமல் சுரண்டி எடுத்தார். பூஞ்சையை நான் மெல்லிய துணியில் ஸ்பிரிட் தொட்டு, நாடாவைக் கையாலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தேன். "சாமி கும்புட்டா பூஞ்சை வருமா?" என்று மாமா வாசலில் நின்று கேட்டார். "நீ மாடத்தாண்ட நின்னு மூச்சு உட்டிருப்ப, அதான்" என்றார் அப்பா.

கேசட்டை மாற்றுவது கோப்பைப் பிரதி எடுக்கிற மாதிரி இல்லை. ஒன்றரை மணி நேர ஆட்டம் ஒன்றரை மணி நேரம் ஓடியே ஆக வேண்டும். ஓடும்போது லேப்டாப்பில் சின்னக் கட்டத்துக்குள் படம் மட்டும் தெரிந்தது, சத்தம் இல்லை. வீடியோக்காரருக்குக் கல்யாணம் எடுத்த கை. ஆட்டத்துக்கு முன்னால் ரோஜாப்பூக்கள் உதிர்ந்தன. நடுவரை ஒரு இதயத்துக்குள் வைத்திருந்தார். பிறகு திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் அப்பா, மறு பாதியில் மாமா, நடுவில் இரண்டு புறாக்கள்.

"நல்ல ஜோடிதான்" என்றாள் அம்மா.

இருவருக்கும் அப்போது இடுப்பு என்று ஒன்று இருந்தது. மாமாவுக்குத் தலை நிறைய முடி. அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்து, இந்த ஆளைத்தான் நான் தினமும் மாத்திரை போடச் சொல்லி மிரட்டுகிறேனா என்று இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் கோப்பை டிவியில் போட்டேன். இப்போது சத்தத்தோடு. அந்த இடம் வந்தபோது ஒருவரும் கத்தவில்லை. மாமா அப்பாவின் காலைப் பிடிக்கிறார். மேலே இரண்டு பேர் விழுகிறார்கள். கூட்டத்தின் கரகரப்புக்கு நடுவே 'கபடி கபடி கப' என்று அடித்தொண்டையில் அப்பாவின் குரல். குரல் நின்றது. விசில் கேட்டது. அதற்கப்புறம்தான் கை கோட்டில் விழுந்தது.

நான் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். குரல் நின்றது, கை விழுந்தது. மூன்றாம் தடவையும் அதே.

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று ஆடினார். "நான் இன்னா சொன்னேன்! காலு என் கையிலதான் இருந்துச்சு! பேஜாரா கீதா மச்சான்?"

அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய், குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, வெளியே கொண்டுபோய் மாமாவின் ஆட்டோ பின் சீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

"கொடம் உன்து மச்சான். இத்தினி வருசம் தெரியாம வெச்சிருந்துட்டேன்."

மாமாவின் ஆட்டம் அங்கேயே நின்றது. "ஐயே, நான் சும்மா தமாசுக்கு..." என்று ஆரம்பித்தார். அப்பா, "இருட்டுறதுக்குள்ள கெளம்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மாமா சாப்பிட்ட தட்டை டிவி முன்னால் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பினார். நான் ஆட்டோவை அனுப்பிவைக்க வெளியே போனேன். கோப்பு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த அம்மா மட்டும் உள்ளே இருந்தாள்.

அடுத்த நாள் நான் வேலை முடிந்து வந்தபோது, அம்மா பிளாஸ்டிக் குடத்தை டங்கென்று வைத்தாள். "இதுல தண்ணி குடிச்சா வாளியில குடிக்கிற மாதிரி கீது" என்றாள். காபி கொடுத்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தத் தேங்காயப் போடு" என்றாள்.

"எந்தத் தேங்காய்?"

"கடைசில ஒடைப்பாங்கல்ல, ஜெயிச்சதும். நேத்து நீங்கல்லாம் வெளிய போனீங்க, நான் பாத்துகினு இருந்தேன். போடேன்."

போட்டேன். அப்பாவின் அணித் தலைவர் நடுக்கோட்டில் கற்பூரம் கொளுத்துகிறார். தேங்காயைத் தலைக்கு மேல் தூக்குகிறார். 'டப்'. தேங்காய் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. அப்புறம்தான் கீழே வந்து, சத்தமே இல்லாமல் நாலாகச் சிதறுகிறது.

"பாத்தியா?" என்றாள் அம்மா. "தேங்கா கையில கீது, ஒடஞ்ச சத்தம் வந்துடுச்சு. அப்போ அவரு பாட்டும் அப்படித்தான முந்தி வந்திருக்கும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நான் பார்க்கிற வேலை இதுதான். சொந்த அப்பாவின் வழக்கில் தீர்ப்பு சொன்ன இடத்தோடு கோப்பை விட்டு எழுந்து போயிருக்கிறேன். உடனே முதலில் இருந்து பார்த்தேன். ஆட்டம் தொடங்கும்போதும் ஒரு தேங்காய் உடைத்திருந்தார்கள். அது கையை விட்டு, தரையில் பட்டு, பட்ட நொடியில் 'டப்'. சரியாக இருக்கிறது. இடைவேளை விசிலில் நடுவரின் கை வாய்க்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சத்தம். கடைசித் தேங்காய்க்கு வரும்போது சத்தம் நன்றாகவே முந்திவிட்டது. கடைக்காரர் சொன்னது அப்படியே. சின்னக் கருவி சத்தத்தில் அங்கங்கே துணுக்குகளைத் தவறவிட்டிருக்கிறது. விட்டது எல்லாம் சேர்ந்து, ஆட்டத்தின் கடைசியில், அப்பாவின் மூச்சில் வந்து விடிந்திருக்கிறது.

"அம்மா, நீ டெஸ்டிங் வேலைக்கு வந்துடு" என்றேன்.

"சோத்துக்கு உப்பு போட்டியான்னு பாக்குற வேலதானே, வரேன்" என்றாள்.

அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். இரண்டாவது தடவையும் நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற எனக்குத் தைரியம் இல்லை. சனிக்கிழமை மறுபடி அந்தச் சந்துக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அலமாரியைத் திறந்து கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"சொல்லிடுங்க சார்" என்றேன்.

"எத்தினி நட்சத்திரம்மா?" என்றார்.

சிரித்துவிட்டேன். சின்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பெட்டியின் முதுகில் எந்தப் பின் எங்கே போக வேண்டும் என்று ஒரு தடவை செருகிக் காட்டினார். படத்தையும் சத்தத்தையும் ஒரே கயிற்றில் கட்டித்தான் இது அனுப்பும், ஒன்று நின்றால் இன்னொன்றும் நிற்கும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு பழைய வேலையின் பாக்கியைப் பார்க்க அஸ்தினாபுரம் போயிருந்தார். அந்த நேரத்தில் அம்மாவும் நானும் கேசட்டை மறுபடி ஓடவிட்டோம். முடிந்ததும் நான் முதலில் கடைசித் தேங்காயைத்தான் போட்டுப் பார்த்தேன். கையை விட்டது, தரையில் பட்டது, 'டப்'. அதற்கு மேல் பார்க்காமல் மூடிவைத்தேன். எல்லாரோடும் சேர்ந்து பார்ப்பதுதான் நியாயம் என்று தோன்றியது. பிறகு மாமாவுக்குப் போன் செய்தேன். அன்று அவர் வருவதாக இல்லை. "இன்னாத்துக்கு கண்ணு வர்றது, ஒங்கப்பன் மூஞ்சிய பாக்க முடியல" என்றார். "வாங்க மாமா, அப்பீல் போட்டிருக்கோம்" என்றேன்.

மத்தியானம் நாலு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அப்பா வர மாட்டேன் என்றார். அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். முதலில் பழைய கோப்பின் தேங்காயைக் காட்டினேன், அப்புறம் புதிய கோப்பின் தேங்காயை. மாமா இரண்டையும் பார்த்துவிட்டு, தானே, "அப்போ அன்னிக்குப் பாத்தது செல்லாது" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்.

பிறகு அந்த இடம். பெட்டியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கரகரப்பு இல்லை. மண்ணில் கால்கள் உரசுவதுகூடக் கேட்டது. மாமா பிடிக்கிறார். இரண்டு பேர் விழுகிறார்கள். 'கபடி கபடி கபடி', அப்பாவின் குரல் இறுகிக்கொண்டே போகிறது. கை நீளுகிறது, விரல்கள் கோட்டின் சுண்ணாம்பில் பதிகின்றன, அப்போதும் குரல் இருக்கிறது, 'கபடி கப', அங்கே விசில்.

அப்பா மூச்சு விட்டார். திரையில் இல்லை, பக்கத்தில்.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. விசிலுக்கு அப்புறமும், நடுவர் கையைக் காட்டிய அப்புறமும், மைக்குக்கு மிகப் பக்கத்தில், போன தடவை கரகரப்பில் கேட்காமல் போன இன்னொரு குரல் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே இருந்தது. 'கபடி கபடி கபடி கபடி!' பெண் குரல். அதன் முடிவில் யாரோ ஒரு ஆள், "யம்மா, முடிஞ்சுடுச்சு, உக்காரும்மா, கேமராவத் தள்ளாத" என்று சொன்னார்.

மாமா கையைத் தூக்கினார். "நிறுத்து கண்ணு. யாரு அது?"

பின்னால் திரும்பிப் பார்த்தேன். அம்மாவைக் காணோம். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் பலமாகக் கேட்டது. கழுவுவதற்கு அங்கே எதுவும் இல்லை, சாப்பிட்ட தட்டெல்லாம் இன்னும் எங்கள் முன்னால்தான் இருந்தன.

"அக்கா!" என்று மாமா எழுந்தார். "யாரு எங்க உளுந்தாங்கன்னே பாக்கலன்னு சொன்ன! நாற்காலியில உக்காந்துகினு இருந்தேன்னு சொன்ன! சொந்தத் தம்பி மண்ணுல கெடக்குறான், நீ எதிர் டீமுக்கு மூச்சு உடாம பாடிகினு கீற?"

அம்மா வெளியே வந்தாள். முகத்தைப் புடவையால் துடைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பின்ன இன்னா பண்ணுவேன்? மூணு பேரு அவரு மேல கெடக்குறீங்க. இவருக்கு மூச்சு நின்னுடப் போவுதேன்னு பயந்துட்டேன். அவரால முடியலன்னா நானாவது பாடுவோம்னு..."

"அப்போ ஆறாம் மாசத்துல?"

"ஆறாம் மாசத்துலதான்."

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை பட்டது, பாட்டு இருந்தது, அவர் ஜெயித்தது ஜெயித்ததுதான். எல்லாம் இப்போது திரையில் நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"கோட்டுக்கு அப்புறம் வர்ற பாட்ட மட்டும் போடும்மா" என்றார்.

போட்டேன். மறுபடி போடச் சொன்னார். ஐந்தாவது தடவை அம்மா டிவியையே அணைத்துவிட்டாள்.

மாமா விறுவிறுவென்று வெளியே போனார். கோபமோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். ஆட்டோவின் பின் சீட்டில் குடம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு வாரமாக அதை வீட்டுக்குள் எடுத்துப்போகவே இல்லையாம்.

"எப்படிக் கொண்டுபோறது? ஏறுறவங்க எல்லாம் தண்ணிக் கொடமா, குடிக்கலாமான்னு கேக்குறாங்க. ஒரு ஆளு எடம் வேற போச்சு" என்றார். குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, தெருக்குழாயில் நிரப்பி, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து அது இருந்த இடத்திலேயே வைத்தார். முதுகில் பாதி நனைந்திருந்தது.

பிறகு வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார். அம்மா ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். பாதி குடித்தார். சொம்பை இறக்கினார். அப்பா பதிலோடு தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கக்கா பாடி ஜெயிச்ச கொடம்" என்றார் மாமா, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "தண்ணி ஜில்லுன்னு கீது."

அப்பா அம்மாவைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு சொம்பு குடு" என்றார்.